அப்பாவி என்றால் எந்த அப்பாவி? ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ படிக்கப் போகிறவர்களுக்கு

கல்லூரியில் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ எனக்குப் பாடமாக இருந்தது. கையில் இருந்த கைடில் தலைப்பில் வரும் பறவைக்கு ஒரே வரிதான்: மாக்கிங்பேர்ட் என்பது இன்னொசன்ஸின் குறியீடு, டாம் ராபின்சனும் பூ ராட்லியும் மாக்கிங்பேர்டுகள். அதை அப்படியே பரீட்சையில் இறக்கி வைத்தேன், மார்க்கும் வந்தது. பல வருடம் கழித்து ஒரு மழைக்கால விடுமுறையில் நாவலைப் பொறுமையாகத் திரும்பப் படித்தபோதுதான், நான் எழுதிய பதிலுக்கு நாவலைப் படித்திருக்கவே தேவையில்லை என்பது உறைத்தது. அந்த வரி தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு புத்தகத்துக்குள் ஒரு அடிகூட நகர முடியாது.

இது முதன்முறை படிக்கிறவர்களுக்காக எழுதுவது. கதையின் முடிவு வரை பேசுவேன், முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பவர்கள் முதலில் நாவலைப் படித்துவிட்டு வாருங்கள், 31 அத்தியாயம்தான்.

முதலில் இடமும் காலமும்

நாவல் வெளிவந்தது 1960-இல், புலிட்சர் பரிசு வாங்கியது 1961-இல். கதை நடப்பதோ அதற்குக் கால் நூற்றாண்டு முன்னால், 1933 முதல் 1935 வரை. ஊர் அலபாமா மாநிலத்தின் மேகோம்ப், கற்பனை ஊர். லீ பிறந்து வளர்ந்த மன்ரோவில் என்ற ஊர்தான் அதற்கு அச்சு. பொருளாதாரப் பெருமந்தம், கையில் காசில்லாமல் வக்கீல் ஃபீசுக்கு விறகும் காய்கறியும் கொண்டுவந்து போடுகிற விவசாயிகள், கறுப்பினத்தவருக்குத் தனிச் சர்ச், கோர்ட்டிலும் மாடியில் தனி இடம், ஜூரி முழுக்க வெள்ளைக்கார ஆண்கள். 1931-இல் இதே அலபாமாவில் ஸ்காட்ஸ்பரோ வழக்கு நடந்தது. ரயிலில் போன ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மேல் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் பாலியல் குற்றம் சாட்டினார்கள். சில நாட்களிலேயே எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, பிறகு மேல்முறையீடு, மறுவிசாரணை என்று வருடக்கணக்கில் இழுத்தது. நாவலின் மையமும் அப்படி ஒரு வழக்குதான்: மேயெல்லா யூவெல் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பின இளைஞன்மேல் குற்றம், அவனுக்காக வாதாடுகிறவர் ஜெம், ஸ்கவுட் என்ற இரண்டு பிள்ளைகளின் அப்பாவான வக்கீல் ஆட்டிகஸ் ஃபிஞ்ச். ஸ்காட்ஸ்பரோ தெரிந்திருந்தால் டாம் வழக்கில் தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று நீங்கள் பதைக்க மாட்டீர்கள். பெரியவர்கள் எல்லோருக்கும் முன்னாடியே தெரிந்த ஒன்று, பிள்ளைகளுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் இருக்கிறது என்று பார்ப்பீர்கள். நாவல் நம்மைப் பார்க்கச் சொல்வதும் அதைத்தான்.

மூன்று சொல்லை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு பென்சில், ஒரு நோட்டு. நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று சொல்: வெகுளி, நிரபராதி, தீங்கற்றவர்.

இது ஏன் என்றால், இங்கிலீஷில் இன்னொசன்ஸ் என்ற ஒரே சொல் இந்த மூன்றையும் சுமக்கிறது. உலகம் தெரியாத குழந்தையும் இன்னொசன்ட், செய்யாத குற்றத்துக்குக் கூண்டில் நிற்பவரும் இன்னொசன்ட், யாருக்கும் கெடுதல் நினைக்காமல் ஒதுங்கி வாழ்பவரும் இன்னொசன்ட். கைடுகள் இதை ஒன்றாகப் போட்டுக் குழப்பி அடிப்பதற்கு அதுதான் காரணம். தமிழிலும் ‘அப்பாவி’ என்று ஒரு சொல் எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொள்ளும், ஆனால் பிரித்துச் சொல்ல நமக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கதை சொல்லும் ஸ்கவுட் வெகுளி, தொடக்கத்தில் அவளுக்கு ஆறு வயதுகூட ஆகவில்லை. டாம் நிரபராதி. வீட்டை விட்டு வெளியே வராத பூ ராட்லி தீங்கற்றவர், ஆனால் கவனியுங்கள், அவர் சட்டப்படி நிரபராதி அல்ல, கடைசியில் பிள்ளைகளைத் தாக்கிய ஓர் ஆளைக் கத்தியால் குத்திக் கொன்றவர். டாமும் வெகுளி அல்ல. இருபத்தைந்து வயது, மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு தனியாக ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்தவன், அதனால்தான் ஓடினான். ஓடியதே அவனுக்கு எதிரான சாட்சியமானது.

ஒவ்வொரு பாத்திரம் வரும்போதும் இந்த மூன்றில் எது என்று பக்க ஓரத்தில் முதல் எழுத்தைப் போட்டு வாருங்கள். சிலருக்கு எழுத்து மாறும், அந்த இடங்களில்தான் விஷயம் இருக்கிறது.

பறவை வரும் இடங்களை மட்டும் குறியுங்கள், அதிகம் இல்லை

மாக்கிங்பேர்ட் சாம்பல் நிறம், நீண்ட வால், இறக்கையில் வெள்ளைப் பட்டை. பெயரில் இருக்கும் ‘மாக்’கைப் பார்த்து ‘கேலிப் பறவை’ என்று புரிந்துகொண்டால் வழி தவறிவிடும். மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும், மிமிக்ரி செய்யும், அவ்வளவுதான்.

முதல் இடம் பத்தாம் அத்தியாயம். ஜெம், ஸ்கவுட் இருவருக்கும் ஏர் ரைஃபிள் கிடைத்திருக்கிறது, சுடக் கற்றுத் தர அப்பா ஆட்டிகஸ் மறுக்கிறார், சித்தப்பா ஜாக் கற்றுத் தருகிறார். ஆட்டிகஸ் சொல்வது இதுதான்: தகர டப்பாவைச் சுட்டால் எனக்குச் சந்தோஷம், ஆனால் நீங்கள் பறவையைத் தேடிப் போவீர்கள் என்று தெரியும், நீல ஜே பறவைகளை எவ்வளவு வேண்டுமானாலும் சுடுங்கள், மாக்கிங்பேர்டைக் கொல்வது மட்டும் பாவம். ஒரு காரியத்தைப் பாவம் என்று அப்பா சொல்லி ஸ்கவுட் கேட்டது அந்த ஒரு முறைதான். காரணத்தைச் சொல்வது எதிர்வீட்டு மிஸ் மாடி: அது தோட்டத்தைத் தின்பதில்லை, தானியக் களஞ்சியத்தில் கூடு கட்டுவதில்லை, நமக்காக மனமுருகப் பாடுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

இந்த இடத்தில் ‘நீல ஜே’, ‘நமக்காக’ இரண்டின் கீழும் அழுத்தமாகக் கோடு போடுங்கள். பின்னால் தேவைப்படும்.

அதே அத்தியாயத்தில் வெறி பிடித்த நாய் ஒன்று தெருவில் வருகிறது. டிம் ஜான்சன் என்று பெயர், ஊருக்கெல்லாம் செல்லமான நாய். தெரு காலியாகிறது, மரங்கள் அசையவில்லை, மாக்கிங்பேர்டுகள் வாய் மூடிவிட்டன. ஆட்டிகஸ் ஒரே குண்டில் நாயைச் சாய்க்கிறார். இதைக் கைடுகள் ‘ஆட்டிகஸின் வீரம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடும். நீங்கள் பறவையின் மௌனத்தைக் குறித்து வைத்துக்கொண்டு நேராக 21-ஆம் அத்தியாயத்துக்கு வாருங்கள். ஜூரி திரும்பி வரும் நேரம். கோடைக்கால ராத்திரி, கோர்ட் நிறையக் கூட்டம், ஆனால் ஸ்கவுட்டுக்குக் குளிர்கிறது. மாக்கிங்பேர்டுகள் அடங்கிப்போன அந்தப் பிப்ரவரிக் காலைபோல இருக்கிறது என்கிறாள். ஆட்டிகஸ் தெருவில் இறங்கித் துப்பாக்கியைத் தோளில் வைத்து விசையை இழுப்பதுபோலத் தெரிகிறது, ஆனால் இந்தத் தடவை துப்பாக்கியில் குண்டு இல்லை என்பது பார்க்கும்போதே தெரிகிறது. நாய்க்கு வந்த வெறிக்கு ஒரு குண்டு போதுமாக இருந்தது, ஊருக்கு வந்த வெறிக்கு அவரிடம் எதுவும் இல்லை. லீ இதை விளக்கிச் சொல்லவில்லை, பதினோரு அத்தியாயம் தள்ளி அதே பறவையை மறுபடி வாய் மூட வைக்கிறார், அவ்வளவுதான்.

அப்புறம் 25-இல் பத்திரிகை ஆசிரியர் அண்டர்வுட், டாமின் மரணத்தைப் பாட்டுப் பறவைகளைக் காரணமில்லாமல் கொல்வதோடு ஒப்பிட்டுத் தலையங்கம் எழுதுகிறார். 30-இல் பூ ராட்லியை வழக்கில் இழுத்து ஊர் முன்னால் நிறுத்துவது பாவம் என்று ஷெரிஃப் ஹெக் டேட் சொல்ல, அது மாக்கிங்பேர்டைச் சுடுவது மாதிரி இல்லையா என்று ஸ்கவுட் அப்பாவிடம் கேட்கிறாள். இந்த இரண்டும் எல்லாக் கைடிலும் இருக்கும், நான் நீட்டவில்லை.

நடுவில் 28-ஐத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஹாலோவீன் ராத்திரி, பிள்ளைகள் இருவரும் பள்ளி விழாவுக்குப் போகிறார்கள், திரும்பி வரும் வழியில்தான் தாக்கப்படப் போகிறார்கள். ராட்லி வீட்டு மரத்தில், இருட்டில், ஒற்றை மாக்கிங்பேர்ட். யாருடைய மரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற கவலையே இல்லாமல் ஒவ்வொரு குரலாக எடுத்து விடுகிறது. அதில் ஒரு குரல் நீல ஜே பறவையுடையது. சுடலாம் என்று அனுமதி கொடுத்த பறவையின் குரலில், சுடக்கூடாத பறவை பாடுகிறது. இருட்டில் காதால் கேட்டு எதைச் சுடலாம் எதைச் சுடக்கூடாது என்று யாரால் சொல்ல முடியும்? லீ இதைத் திட்டமிட்டு எழுதினாரா என்று நிரூபிக்க முடியாது, ஆனால் நாவல் முழுவதிலும் அந்தப் பறவை பாடுவதை நாம் விஸ்தாரமாகக் கேட்பது இங்கே மட்டும்தான் என்பதை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. குடும்பப் பெயர் ஃபிஞ்ச், அதுவும் ஒரு சின்னப் பறவை, ஆகவே இதுவும் குறியீடு என்று கிளம்பிவிடாதீர்கள். ஃபிஞ்ச் என்பது லீயின் அம்மா பிறந்த வீட்டுப் பெயர். பொருந்தி வருகிறது, சரி, ஆனால் அதன்மேல் கட்டடம் கட்ட வேண்டாம்.

பறவை இல்லாத இடங்கள்

இதுதான் எனக்குப் பிடித்த வேலை. வெகுளித்தனம் எப்படிக் கழன்று போகிறது என்பதைப் பறவையைவிடச் சின்னச் சின்னப் பொருள்கள் நன்றாகச் சொல்கின்றன.

ராட்லி வீட்டு ஓக் மரத்தில் ஒரு பொந்து. அதில் யாரோ பிள்ளைகளுக்காகப் பொருள் வைக்கிறார்கள்: சூயிங் கம், பழைய செவ்விந்தியத் தலை போட்ட காசு இரண்டு, நூல்கண்டு, சோப்பில் செதுக்கிய ஒரு பையன், ஒரு பெண், ஓடாத பாக்கெட் கடிகாரம். வைப்பவர் யார் என்று ஜெம்முக்கு மெல்லப் புரிகிறது, ஸ்கவுட்டுக்குப் புரியவில்லை. நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டு போகிறார்கள், பொந்து சிமெண்டால் அடைபட்டிருக்கிறது. பூவின் அண்ணன் நேதன் ராட்லியிடம் கேட்டால், மரம் பட்டுப்போகிறது, அதற்காக அடைத்தேன் என்கிறார். ஜெம் அப்பாவிடம் கேட்கிறான். இலையைப் பார், பச்சைப் பசேல் என்று இருக்கிறது, மரத்துக்கு ஒன்றுமில்லை என்கிறார் அவர். அன்று மாலை ஜெம் இருட்டும்வரை வராந்தாவில் நிற்கிறான். உள்ளே வந்தபோது அவன் அழுதிருந்தது முகத்தில் தெரிந்தது என்கிறாள் ஸ்கவுட். அழுத சத்தம் தனக்குக் கேட்கவில்லையே என்பதுதான் அவளுக்கு விசித்திரமாக இருக்கிறது. அத்தியாயம் அங்கே முடிந்துவிடுகிறது. சத்தம் போட்டு அழுவது குழந்தை, சத்தமில்லாமல் அழக் கற்றுக்கொண்டவன் இனி குழந்தை இல்லை. பெரியவர் ஒருவர் முகத்துக்கு நேரே பொய் சொல்வார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, அதை அவன் தங்கையிடம் சொல்லவில்லை. ஏழாம் அத்தியாயத்தின் அந்தக் கடைசிப் பத்திகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று 25-ஆம் அத்தியாயத்தின் தொடக்கம். தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் பூச்சி ஒன்று, ஸ்கவுட் நசுக்கப் போகிறாள், ஜெம் தடுக்கிறான். ஏன்? அது உன்னை ஒன்றும் செய்யவில்லையே. மிஸ் மாடி பறவைக்குச் சொன்ன காரணத்தோடு இதை வைத்துப் பாருங்கள்: பறவை பாடுவதால் தப்பிக்கிறது, பூச்சி பாடவும் இல்லை, யாருக்கும் உபயோகமும் இல்லை, சும்மா இருக்கிறது, அதனாலேயே விடச் சொல்கிறான் பையன். இரண்டு பக்கம் தள்ளி, டாம் இறந்துபோனான் என்று ஆட்டிகஸ் வந்து சொல்லும் முன்பே அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டாமின் மனைவி ஹெலன் மண்ணில் விழுகிறாள். எறும்பை மிதிப்பதுபோல யாரோ அவளை மிதித்தமாதிரி இருந்தது என்று, அதைப் பார்த்த டில், பிள்ளைகளின் கோடை விடுமுறை நண்பன், சொல்கிறான். அத்தியாயத் தலையில் பூச்சி, நடுவில் எறும்பு. பென்சிலை எடுத்து இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்துவிடுங்கள்.

டில் கோர்ட்டில் அழுவது, டால்ஃபஸ் ரேமண்ட் காகிதப் பைக்குள் ஒளித்து வைத்திருக்கும் கோக்கோ கோலா, ஸ்கவுட்டின் பன்றித்தொடை வேஷம், இதெல்லாம் இதே வழியில் நீங்களே பார்க்கலாம்.

கூண்டில் டாம் சொன்ன ஒரு சொல்

டாமின் இடது கை செயலற்றது, பையனாக இருந்தபோது பஞ்சு அரைக்கும் மெஷினில் மாட்டியது. மேயெல்லாவின் முகத்தில் காயம் வலது பக்கம். அவளுடைய அப்பா பாப் யூவெல் இடக்கைக்காரர். நிரபராதி என்பதற்கு இதற்குமேல் ஒன்றும் வேண்டாம், கண்ணிருக்கும் எவருக்கும் தெரியும், ஜெம் மேல்மாடியில் உட்கார்ந்து ஜெயித்துவிட்டோம் என்றே நினைக்கிறான்.

ஆனால் வழக்கு திரும்புவது வேறு இடத்தில். காசு வாங்காமல் அந்தப் பெண்ணுக்கு ஏன் விறகு வெட்டிக் கொடுத்தாய் என்று அரசு வக்கீல் கில்மர் குடைகிறார். அவளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருந்தது என்கிறான் டாம். சொல்லி முடிப்பதற்குள் தப்பு செய்துவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்துவிடுகிறது. கறுப்பன் வெள்ளைக்காரியைப் பார்த்துப் பரிதாபப்படுவதா?

தமிழில் படிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு அதிர்ஷ்டம். மாக்கிங்பேர்டைக் கொல்வது பாவம், மேயெல்லாவைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இங்கிலீஷில் இரண்டும் வேறு வேறு சொல், நமக்கு ஒரே சொல். மூலத்தில் இல்லாத இந்த ஒற்றுமையைப் பரீட்சையில் எழுத முடியாது, ஆனால் மனதில் வைத்துக்கொண்டு படித்தால் நாவலின் இரண்டு முனையும் சட்டென்று தொட்டுக்கொள்கின்றன. அந்த ஊரில் எது பாவம் என்று தெரிந்த ஒருவன், இன்னொருத்தியைப் பார்த்துப் பாவம் என்று சொன்னதற்காகச் சாகிறான். சிறையிலிருந்து தப்ப முயன்றதாகச் சொல்லிச் சுடுகிறார்கள், உடம்பில் பதினேழு குண்டு.

இப்போது பறவையோடு சண்டை போடுங்கள்

புதிதாகப் படிப்பவர்கள் செய்யத் தயங்குவது இதுதான், குறியீட்டைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கோடு போட்டு வைத்த ‘நமக்காக’வுக்கு வாருங்கள். நமக்காகப் பாடுகிறது, ஆகவே கொல்லக்கூடாது. பாடாவிட்டால்? டாம் பணிவாகப் பேசுகிறான், உதவி செய்கிறான், கை வேறு ஊனம், அதனால் அவனைக் கொன்றது பாவம். கோபக்காரனாக, முறைத்துக்கொண்டு நிற்பவனாக, அதாவது நீல ஜேயாக இருந்திருந்தால் பொய்ச்சாட்சி நியாயமாகிவிடுமா? நியாயம் என்பது நல்லவனுக்கு மட்டும் கொடுக்கும் பரிசு இல்லையே.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். டாமுக்குக் கோர்ட்டுக்கு வெளியே வாழ்க்கையே நாவலில் கிடையாது, கறுப்பின மனிதர் ஒருவரைத் தன்னால் எதுவும் செய்ய முடியாத ஒரு பறவையாகச் சுருக்கிவிட்டது, வெள்ளைக்கார வக்கீலின் நல்ல மனசைக் காட்ட அவனைப் பயன்படுத்திக்கொண்டது என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் பாதி சம்மதம். நாவல் டாமின் வீட்டுக்குள் போகவில்லை என்பது உண்மை. ஆனால் சொல்பவள் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி, அவளுக்கு அந்த வீட்டுக் கதவு திறந்ததே இல்லை. 12-ஆம் அத்தியாயத்தில் ஃபிஞ்ச் வீட்டில் சமைக்கும் கறுப்பினப் பெண் கால்பர்னியா பிள்ளைகளைத் தன் சர்ச்சுக்குக் கூட்டிப் போகும்போது, வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஏன் இங்கே கூட்டி வந்தாய் என்று லூலா என்ற பெண் மறிக்கிறாள், ஒரு பக்கம்தான் வருகிறாள், மறைந்துவிடுகிறாள். அவள் யாருக்காகவும் பாடவில்லை. அவள் பெயருக்கு எதிரே மூன்று சொல்லில் எதையும் என்னால் எழுத முடியவில்லை, நோட்டில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

முடித்ததும் முதல் பக்கம்

கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு மூடாதீர்கள், முதல் பக்கத்துக்கு வாருங்கள். ஜெம்முக்குப் பதின்மூன்று வயது ஆகப்போகும் சமயத்தில் முழங்கை முறிந்தது என்றுதான் கதை தொடங்குகிறது. ஆறியதும் பந்து உதைக்க முடிகிறதே என்ற சந்தோஷத்தில் அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. எப்படி முறிந்தது என்று முதல் வாசிப்பில் நமக்குத் தெரியாது, ஏதோ விளையாட்டில் விழுந்த பையன் என்று தாண்டிப் போய்விடுவோம். இப்போது தெரியும், அந்த ஹாலோவீன் இருட்டில் பாப் யூவெல் முறித்தது. எந்தக் கை, முறிந்த பிறகு எப்படி ஆனது என்று அடுத்த வரியைப் பாருங்கள்: இடது கை, வலது கையைவிடக் கொஞ்சம் குட்டை.